தாய் எழுதிய கடிதம்

ஒடிசா மாநிலத்தில் சுந்தர்கர் என்று ஒரு மாவட்டம் உள்ளது. அங்கே ஒரு தாய் இருந்தார். அவருடைய மகனுக்கு வயது 22.

1987 டிசம்பர் 1. காலை 8 மணி. போலீஸார் வீட்டுக்கு வந்தார்கள். திருட்டு வழக்கு ஒன்றில் விசாரிக்க வேண்டும் என்று சொல்லி மகனை அழைத்துப் போனார்கள். புறக்காவல் நிலையத்தில் அடைத்து வைத்தார்கள். இரவு 8 மணிக்குத் தாய் சாப்பாடு கொண்டு போனார். மகன் சாப்பிட்டான். தாய் வீடு திரும்பினார்.

மறுநாள் அவன் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. கையில் விலங்கு இருந்தது. உடலில் பல காயங்கள் இருந்தன.

போலீஸார் ஒரு காரணம் சொன்னார்கள். கட்டியிருந்த கயிற்றை அவன் பல்லால் கடித்து அறுத்தானாம். பின்னிரவு 3 மணிக்குத் தப்பி ஓடினானாம். பிறகு ரயிலில் அடிபட்டு இறந்தானாம்.

தாய் இதை நம்பவில்லை. 1988 செப்டம்பரில் டெல்லியில் உள்ள உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. எல்லாக் கடிதங்களும் இப்படி வழக்காகிவிடுவதில்லை. ஆனால் இங்கே ஓர் உயிர் போயிருந்தது. உயிர் வாழும் உரிமை நமது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை. அது 21-ஆவது பிரிவில் உள்ளது. அடிப்படை உரிமை பறிபோனால் நேராக உச்சநீதிமன்றத்திடமே முறையிடலாம். 32-ஆவது பிரிவு அதற்கு வழி செய்கிறது.

உச்சநீதிமன்றம் மாவட்ட நீதிபதியை விசாரிக்கச் சொன்னது. அவர் சாட்சிகளை விசாரித்தார். போலீஸ் காவலில் பட்ட அடியால்தான் இளைஞன் இறந்தான் என்று அறிக்கை கொடுத்தார். காயங்கள் ரயிலில் அடிபட்டு ஏற்பட்டவையாகத் தெரியவில்லை. லத்தி அடியால் ஏற்பட்டிருக்கலாம் என்று மருத்துவச் சாட்சியம் காட்டியது. கயிற்றையும் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு துண்டுகளின் அறுந்த முனைகளும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. கயிற்றைக் கடித்த கதை அதோடு முடிந்தது.

1993 மார்ச் 24-இல் தீர்ப்பு வந்தது. ஒடிசா அரசு அந்தத் தாய்க்கு 1,50,000 ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். மகனின் சாவுக்குக் காரணமானவர்கள் மீதும் அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்.

அடித்தது போலீஸார். அரசு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு. 1947-இல் மீரட் நகரத்தில் ஒரு வியாபாரியின் தங்கத்தைப் போலீஸார் பிடித்து வைத்தார்கள். ஒரு தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். வியாபாரி வழக்குப் போட்டார். அரசு பொறுப்பாகாது என்று 1964-இல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு தன் அதிகாரத்தைச் செலுத்தும்போது நேர்ந்த தவறுக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாதாம். ராஜா காலத்து நியாயம் அது. அடிப்படை உரிமை பறிபோன இடத்தில் அந்த நியாயம் செல்லாது என்று 1993 தீர்ப்பு சொன்னது. ஒருவரைக் காவலில் வைத்தால் அவர் உயிருக்கு அரசே பொறுப்பு.

பணம் மகனுக்கு ஈடாகாது. தீர்ப்பு வரவும் நாலரை வருடம் ஆயிற்று. சாகாமல் காப்பதற்கு என்ன வழி?

அதற்கும் ஒரு கடிதம் உதவியது. மேற்கு வங்கத்தில் ஒரு சட்ட உதவி அமைப்பின் தலைவராக இருந்தவர் டி.கே. பாசு. காவலில் நடக்கும் சாவுகளைப் பற்றிய செய்திகளைக் காட்டி, 1986-இல் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு அவர் எழுதினார். 1996 டிசம்பரில் நீதிமன்றம் சில விதிகளை வகுத்தது. கைது செய்யும் போலீஸார் பெயர் தெளிவாகத் தெரியும்படி அட்டை அணிய வேண்டும். கைது செய்த இடத்திலேயே தேதியும் நேரமும் போட்டுக் குறிப்பு எழுத வேண்டும். அதில் வீட்டார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்க வேண்டும். இந்த விதிகளை மீறும் அதிகாரி மீது நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போடலாம்.

பெயர் அட்டை, கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல் ஆகிய விதிகள் பின்னர் சட்டத்திலும் சேர்ந்தன. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டத்திலும் இவை உள்ளன. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு, விடிவதற்கு முன் கைது செய்யக் கூடாது. மிக அவசியமானால் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியைப் பெண் போலீஸ் அதிகாரிதான் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையா? காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் அரசு செலவில் வக்கீல் கிடைப்பார். வருமானச் சான்று தேவையில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுத முடியாதவர் வாயால் சொல்லலாம். அங்கே இருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.