கழி நண்டும் கணவாயும்: பிடிக்கும் முறையும் விடும் முறையும்

கடற்கரைக் கிராமங்களிலே வேலை ஓய்ந்த மாலை வேளையில் கழியோரம் சென்று நண்டு பிடிப்பது பலருக்கும் பழக்கமான பொழுதுபோக்காகும். வீட்டுக் குழம்புக்கு வேண்டியது கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு நீரின் இயல்பு விளங்குகிறது, செலவோ அற்பம். ஆயினும் பிடிக்கத் தெரிந்த அளவுக்கு விடத் தெரிந்தவர் சிலரே. கூட்டுறவுச் சங்கத்து அங்கத்தினர் முதலுக்கும் வட்டிக்கும் உள்ள பேதத்தை நன்கு அறிந்தவர்கள். கழியிலும் முதல் உண்டு, வட்டி உண்டு. முதலை உண்பவன் மறு ஆண்டு வெறுங்கூடையுடன் திரும்புவான் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. நண்டின் இயல்பு

உணவுக்குரிய நண்டுகளில் இரண்டு முக்கியமானவை. பாக் நீரிணை போன்ற மணற்பாங்கான ஆழமற்ற கடலில் வாழ்வது நீலக்கால் நண்டு. பழவேற்காடு, பிச்சாவரம், முத்துப்பேட்டை முதலிய கழிகளிலும் அலையாத்திக் காடுகளிலும் வளை தோண்டி வாழ்வது சேற்று நண்டு. இரண்டின் கடைக்கால்களும் துடுப்புப் போல் தட்டையானவை.

நண்டின் ஓடு விரிந்து கொடுப்பதில்லை. ஆதலால் அது வளரும்போதெல்லாம் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதிய ஓடு பூணுகிறது. அச்சமயம் அதன் உடலில் சதையைக் காட்டிலும் நீரே மிகுந்திருக்கும். அடிப்புற ஓட்டை விரலால் அழுத்தினால் அமுங்குமாயின், அது சமையலுக்கு உதவாது. அதைக் கழியிலேயே விட்டால் சில வாரங்களில் கனத்த நண்டாகக் கிடைக்கும்.

2. பிடிக்கும் விதம்

பிரம்பாலோ இரும்புக் கம்பியாலோ ஒன்றரை முழ அகலமுள்ள வளையம் செய்து, அதில் தொய்வாக வலை கட்டி, நடுவில் மீன் தலையை இறுகப் பிணைக்க வேண்டும். மூன்று கயிறுகளை ஒன்றாக முடிந்து, நீர் ஏறத் தொடங்கியபின் இறக்குக. நண்டு இரை தேடிக் கரையோரம் வருவது அப்பொழுதுதான். கால் மணிக்கு ஒரு முறை, நிறுத்தாமல் ஒரே சீராக மேலே இழுக்க வேண்டும். இடையில் தயங்கினால் நண்டு நீந்திப் போய்விடும்.

கூடு வைப்போர் அதன் வாயைப் பருத்தி நூலால் கட்டுதல் நலம். கூடு காணாமற்போனால் நூல் இற்றுக் கதவு திறக்கும். இல்லையேல் உள்ளே அகப்பட்டவை வீணே மடியும். அவற்றை உண்ண வந்தவையும் மடியும். வளை நண்டுக்காக மண்வெட்டியால் கரையைப் பிளப்பது அலையாத்தி வேரை அழிக்கும். கொக்கிக் கம்பியே போதும்.

பிடித்த நண்டைப் பின்புறமாகப் பற்றிக் கொடுக்குகளைக் கட்டி, நனைத்த சாக்கால் மூடி நிழலில் வைக்க வேண்டும். வாளி நீரில் அடைத்தால் மூச்சு முட்டிச் சாகும். செத்த நண்டு விரைவில் கெடுமாதலால் உயிருள்ளதையே சமைக்க வேண்டும். பவளப் பாறைகளிடையே காணப்படும், கொடுக்கு நுனி கறுத்த சில நண்டுகள் நஞ்சுள்ளவை. கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. பெயர் அறியாத நண்டைத் தொடாமல் விடுதலே விவேகம்.

3. விடத்தக்கவை

வயிற்றுப்புற மடல் குறுகியிருப்பது ஆண். அகன்று வட்டமாயிருப்பது பெண். மடலின் கீழ் முட்டைத்திரளைச் சுமப்பது சினை நண்டு. முட்டை முதலில் மஞ்சளாயிருந்து, பொரியும் தறுவாயில் கறுக்கிறது. ஒரு தாய் சுமப்பது பல லட்சம் முட்டைகள். ஒரு வேளைக் குழம்புக்காக இத்தனையும் இழப்பது எவ்வகைச் சிக்கனம்? சேற்று நண்டில் பெண் கழியை விட்டுக் கடலுக்குச் சென்றே முட்டை பொரிக்கிறது. குஞ்சுகள் பின்னர் கழிக்குத் திரும்புகின்றன. ஆகவே கடலுக்குப் போகும் முதிர்ந்த பெண் நண்டையும் விடுவது உத்தமம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் ஓட்டின் அகலம் 15 சென்டிமீட்டர் எட்டாத சேற்று நண்டையும், எந்தப் பெண் சேற்று நண்டையும் பிடித்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராது. தமிழ்நாட்டுக் கழிகளில் சிறிய இனமும் உண்டாதலால் அந்த அளவை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை, நோக்கமே முக்கியம்.

4. கணவாய்

ஊசிக்கணவாய் இரவில் விளக்கொளியை நாடி, ஒளியும் நிழலும் சேரும் ஓரத்தில் நிற்கும். இறால் வடிவில் செய்து, அடியில் முட்கள் வட்டமாக மேல்நோக்கி அமைந்த தூண்டிலே இதற்கு ஏற்றது. அதைத் தாழ விட்டு, மெல்லச் சுண்டிச் சுண்டி இழுக்க வேண்டும். கணவாய் கைகளால் தழுவிக்கொள்ளும். அம்முட்களில் எதிர்முள் இல்லாமையால் கயிறு தளர்ந்தால் தப்பிவிடும். நீர்மட்டத்தில் சற்றே நிறுத்தி மையைக் கக்கவிட்டுப் பின் தூக்கினால் உடை கெடாது.

கணவாய் ஓராண்டுக்கு மேல் வாழ்வது அரிது. இனம் நிற்பது முட்டையால் மட்டுமே. கடற்புல்லிலும், சில வேளை கூட்டிலும் கயிற்றிலும் வெண்ணிற விரல்கள் போல் கொத்தாகத் தொங்குபவை அதன் முட்டைகள். அவற்றைப் பிய்த்துக் கரையில் எறியலாகாது. ஒட்டிய பொருளுடன் நீரிலேயே விட வேண்டும்.

5. சங்கம் செய்யத்தக்கது

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. ஆயினும் கழியோரத்தில் தனி மனிதன் இறக்கும் வலையை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்க அதிகாரி எவராலும் இயலாது. அங்கே காவல் ஊராரின் ஒப்பந்தமே.

கூட்டுறவுக்கு வழிகாட்டிய அறிக்கையை 1895, 1897 ஆண்டுகளில் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த பிரடெரிக் நிக்கல்சனே பின்னர் அம்மாகாணத்து மீன் துறையையும் உருவாக்கினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. கடனில் கட்டுப்பாடு பழகிய சங்கம் கழியிலும் அதைப் பழகலாம். மீன்துறையாரைக் கேட்டு ஊருக்கேற்ற அளவை நிச்சயித்து, அவ்வளவில் வெட்டிய மரக்கட்டை ஒன்றைத் துறையில் தொங்கவிடுக. கட்டையைவிடச் சிறியதும், சினையுற்றதும், ஓடு இளகியதும் நீருக்கே திரும்பட்டும்.

கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. இவ்வூர்க் கழியில் பத்தாண்டுக்கு முன் கிடைத்த நண்டின் பருமன் இன்று உண்டா?
2. சினை நண்டை விலைக்கு வாங்குவதில்லை என்று அங்கத்தினர் அனைவரும் உறுதி செய்யக் கூடுமா?
3. அளவுக் கட்டையைப் பாதுகாக்கும் பொறுப்பு யாருடையது?