ஒரே கட்டையில் தகிட: புளூஸ் பியானோ சாதகம்

பிரிக்பீல்ட்ஸின் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களிலோ, கிள்ளானில் ஓர் ஆசிரியர் இல்லத்திலோ ஜண்டை வரிசை பயின்று, ஸ்வரத்தை இரட்டித்து இரண்டாவதற்கு அழுத்தம் தரப் பழகிய மாணவர்கள், ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் புளூஸ் பியானோவின் தொடர்ஸ்வரப் பிரயோகத்தை அந்நியமாகக் கருத வேண்டியதில்லை; ‘தகிட’ என்னும் திஸ்ர நடையில் நான்கு அடிக்குப் பன்னிரண்டு ஒலிகள், அழுத்தம் மட்டும் முதலெழுத்தில்.

ஒரே விரலால் தட்டிக்கொண்டிருந்தால் முன்கை இறுகிவிடுமாதலால், நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் என்ற கிரமத்தில், ஒவ்வொன்றும் உள்ளங்கையை நோக்கிச் சற்றே இழுபட்டு விலகுமாறு, ஒரே கட்டையைத் தொட்டு அப்பியாசம் செய்க. மெட்ரோனோமை 60-இல் வைத்து, ஓசை சமமான பின்பே காலப்பிரமாணத்தைக் கூட்டுக. கை வலித்தால் உடனே நிறுத்துக.

வாத்தியத்தின் இயல்பையும் அறிதல் அவசியம். 1821-இல் பியானோ தயாரிப்பாளர் எரார் காப்புரிமை பெற்ற பொறியமைப்பின் பயனாக, கிராண்ட் பியானோவில் கட்டை முழுவதும் எழுவதற்கு முன்பே மறுபடி ஒலிக்கும். அடுக்குமாடி வீடுகளில் சுவரோரம் நிற்கும் பியானோவிலோ அது ஏறக்குறைய முழுவதும் எழவேண்டும். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் மரமும் கம்பளியும் உப்பிக் கட்டைகள் மந்தமாவதுண்டு. அப்போது விரலை நொந்துகொள்ளாமல், பியானோ செப்பனிடுபவரை அழைப்பதே உசிதம்.

கை பழகிய பின்னர், C கட்டையை ஸட்ஜமாகக் கொண்டு, சாதாரண காந்தாரத்துக் கறுப்புக் கட்டையிலிருந்து அந்தர காந்தாரத்துக்கு வழுக்கி, அங்கேயே தகிட வாசித்துப் பாருங்கள். புளூஸுக்கே உரிய அந்த உருக்கம் அவ்விடத்தில்தான் பிறக்கிறது.