சிற்றூரிலே ஒரு கலாசாலை

எம்மூராகிய கெங்கவல்லியில், மகனைப் படிக்கவைக்க எண்ணுவோர் வழக்கமாய்ச் சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு: “பெரிய படிப்பென்றால் பட்டணத்துக்குத்தான் போகவேண்டும்.” சேலமோ, திருச்சியோ, சென்னையோ, ஊர் பெரிதானாற் படிப்பும் பெரிதாகும் என்பது அவர்கள் கருத்து. சுவேத நதிக்கரையில் மரவள்ளியும் பாக்கும் விளையும், கல்வி விளையாது என்று நாமும் இளமையில் நம்பியிருந்தோம். அந்நம்பிக்கையை மாற்றியது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையின் சரித்திரம். அதனை எம் மாணாக்கர் அறியுமாறு இங்கே சுருக்கி வரைகின்றோம்.

வட்டுக்கோட்டை வயலும் பனையும் சூழ்ந்த கிராமம். அமெரிக்க மிஷனார் 1823-ஆம் வருஷத்தில் அங்கே ஒரு செமினரியைத் தாபித்தனர். முதல் தலைவர் டானியல் பூவர் ஐயர். தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானநூல், தருக்கம் ஆகியவை அங்கே கற்பிக்கப்பட்டன. மாணாக்கர் அவ்வளவிலேயே உண்டு, உறங்கி, படித்தனர். அவர்களுட் பலருக்கு, அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயரே இடப்பட்டது. நெவின்ஸ், ஆர்னல்ட், கறோல் என்னும் பெயர்கள் தமிழ்ப் பெயர்களோடு ஒட்டிவந்தது இவ்வாறே. முகமறியாத ஒருவர் பெயரை ஆயுள்வரை சுமந்த அவ்விளைஞர் மனத்தில் என்ன நினைத்தனரோ!

படிப்பு முடிந்தவருட் சிலர் அங்கேயே ஆசிரியராயினர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவ்வாறு கற்பித்தவர். 1850-இல் தருக்க நூலொன்றைத் தமிழிலே வெளியிட்டார். 1841-இல் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையை முதலில் நடத்திய இருவரும் பழைய மாணாக்கரே.

ஆயினும் அக்கலாசாலையின் இயல்பை நன்கு காட்டுவது ஒரு கிரகணம். 1829-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் சந்திர கிரகணம் வரவிருந்தது. அவ்வூரில் விசுவநாத சாஸ்திரியார் பரம்பரையாய்ப் பஞ்சாங்கம் கணித்துவந்தார். ஜனங்கள் அவர் சொல்லை முழுதும் நம்பினர். பூவர் ஐயர் தாமும் கணித்துப் பார்க்க, நேரத்திலும் மறைவின் அளவிலும் இரண்டுக்கும் வேறுபாடு தோன்றிற்று. அதனை ஒளியாமல் முன்னதாகவே வெளியிட்டார். குறித்த இரவில் ஊரார் கூடி வானத்தைப் பார்த்தனர். ஐயர் கணக்கே ஒத்துவந்தது. சாஸ்திரியாரை இதனால் இகழ்தல் தகாது. வழிவழி வந்த வாய்பாடுகள் இயற்றிய காலத்திற் சரியானவையே. பின்வந்தோர் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமையால், நூற்றாண்டுகளில் சிறு பிழை பெரும் பிழையாயிற்று.

பின்னர் நிகழ்ந்ததே எமக்கு மிக உவப்பானது. வென்ற பக்கத்தார் ஏட்டை எறிந்துவிடவில்லை. பிற்காலத்திற் செமினரித் தலைவராயிருந்த ஹொய்சிங்டன் ஐயர் இந்நாட்டு வானநூற் கணிதத்தை ஊன்றிக் கற்று, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848-இல் அச்சிட்டார். ஆசிரியன் மாணாக்கனாகத் தயங்காத இடமே கலாசாலை.

இலங்கை அரசாங்கத்தில் உயர் பதவி வகித்த எமர்சன் டெனன்ட் அங்கு வந்து மாணாக்கரைச் சோதித்து வியந்து, ஐரோப்பியச் சர்வகலாசாலைகள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கதென 1850-இல் வெளியான தம் நூலிற் புகழ்ந்தார். ஐந்தே ஆண்டுகளில், 1855-இல், அச்செமினரி மூடப்பட்டது! ஆங்கிலம் கற்றவர் ஊழியத்துக்கு வாராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்பதும், தாய்மொழிக் கல்வியே மிஷனுக்கு ஏற்றதென்பதும் பாஸ்டனிலிருந்த தலைமைச் சங்கத்தார் சொன்ன நியாயம். பொருள் கொடுத்தவர் தம் நோக்கம் நிறைவேறியதா என்று கேட்பதிற் குற்றமில்லை. ஆனால் தாய்மொழி ஆங்கிலத்தால் நலிந்ததோ? இங்கே நாம் அவர்களோடு மாறுபடுகின்றோம்.

1857-இற் சென்னைச் சர்வகலாசாலை நடத்திய முதற் பீ.ஏ. பரீக்ஷையிலே தேறியவர் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளை, சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையிற் படித்தவர். பட்டணத்து இளைஞர் எவரும் அவர்களுடன் தேறவில்லை. தாமோதரம்பிள்ளையவர்களோ உத்தியோகத்தில் உயர்ந்தும், செல்லரித்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1881-இல் வீரசோழியத்தையும் 1887-இற் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் படித்தவரால் தமிழுக்கு வந்த லாபம் இது.

மூடிய கதவு நெடுநாள் மூடியிருக்கவில்லை. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள், பழைய மாணாக்கர் உட்பட, உயர்கல்வி வேண்டுமென்று விடாமற் கேட்டனர். 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்திலன்று, அதே வட்டுக்கோட்டையில்.