சாதாரண நிகழ்காலமும் கோலார் தங்கவயலும்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை வேண்டி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தை ஒருமுறை காண நேர்ந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டு ஏழெட்டு ஆண்டுகள் கழிந்திருந்த வேளை அது. குடும்ப நிலையை விளக்கும் பத்தியில் "மை ஃபாதர் ஒர்க்ஸ் இன் தி கோல்ட் மைன்" என்றொரு வாக்கியம் இருந்தது. பரிசீலித்த அலுவலர், தந்தை பணியில் உள்ளாராதலின் ஊதியச் சான்று இணைக்கப்பட வேண்டும் என ஓரத்தில் குறித்து விண்ணப்பத்தைத் திருப்பியிருந்தார். 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட சுரங்கத்திலிருந்து ஊதியச் சான்று பெறுவது எங்ஙனம்?

மாணவி பொய் கூறவில்லை. தம் தந்தை சுரங்கத் தொழிலாளி என்பதையே அவர் தெரிவிக்க எண்ணினார். அலுவலரையும் குறைகூற இயலாது. அவ்வாக்கியம் ஆங்கிலத்தில் தரும் பொருளைத்தான் அவர் கொண்டார். "ஒர்க்ஸ்" என்னும் வினைமுற்று, இன்றும் அவ்வேலை நடைபெறுகிறது என்று உறுதி கூறுவதாகும். ஆங்கில இலக்கணத்தில் சாதாரண நிகழ்காலம் எனப்படுவது இதுவே.

இதன் அமைப்பு எளியது. வினைச்சொல்லின் மூல வடிவத்தை அப்படியே எழுதினால் போதும்: "ஐ ஒர்க்", "வீ ஒர்க்", "யூ ஒர்க்", "தே ஒர்க்". படர்க்கை ஒருமைக்கு மட்டும் இறுதியில் எஸ் சேர்கிறது: "ஹி ஒர்க்ஸ்", "ஷி ஒர்க்ஸ்". "கோ" போன்ற சில சொற்கள் இ, எஸ் என்னும் இரண்டு எழுத்துகளையும் பெற்று "கோஸ்" என்றாகும். தமிழில் செய்கிறேன், செய்கிறாய், செய்கிறார்கள் என ஒவ்வோர் இடத்திற்கும் விகுதி உண்டு. ஆங்கிலமோ ஏனைய விகுதிகளை எல்லாம் இழந்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. நம் மாணவர்கள் இதனை மறந்துவிடுவதில் வியப்பில்லை. பெயர்ச்சொல்லில் எஸ் பன்மையைக் குறிப்பதும் வினைச்சொல்லில் அதுவே ஒருமையைக் குறிப்பதும் குழப்பத்தை மிகுவிக்கின்றன. "தி மைனர் ஒர்க்ஸ்", "தி மைனர்ஸ் ஒர்க்" என்ற இரண்டையும் அருகருகே எழுதிப் பார்ப்பின் எஸ் இடம் மாறுவது விளங்கும்.

எதிர்மறையிலும் வினாவிலும் "டூ" என்ற துணைவினை வருகிறது. படர்க்கை ஒருமையில் எஸ் அதனுடன் சேர்ந்து "டஸ்" ஆகிவிடுவதால், முதன்மை வினைக்கு மீண்டும் எஸ் தேவையில்லை. "ஹி டஸ் நாட் ஒர்க்" என்பதே சரி. "ஆம், ஈஸ், ஆர்" என்பவை தனி இனம். அவற்றிற்கு "டூ" வேண்டுவதில்லை.

அமைப்பைக் காட்டிலும் பயன்பாட்டில்தான் இடர்ப்பாடு மிகுதி. "பெங்களூருக்குப் போகிறேன்" என்று தமிழில் கூறினால், இப்போது போய்க்கொண்டிருப்பதாகவும் கொள்ளலாம். நாள்தோறும் போய்வருவதாகவும் கொள்ளலாம். ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. மாரிக்குப்பத்தில் காலை இரயிலேறிப் பெங்களூரில் வேலைக்குச் செல்லும் தங்கவயல் இளைஞர், தம் அன்றாட வழக்கத்தை "ஐ கோ டு பெங்களூரு எவ்ரி டே" என்று கூற வேண்டும். இரயிலில் அமர்ந்தபடி தொலைபேசியில் பேசும்போதுதான் "ஐ ஆம் கோயிங்" பொருந்தும். நேர்காணலில் "ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" என்பது நாம் அடிக்கடி கேட்கும் தொடர். உடைமையையும் அறிவையும் குறிக்கும் வினைகளை ஆங்கிலம் நிகழ்ந்துகொண்டிருக்கும் செயலாகக் கருதுவதில்லை. ஆதலின் "ஐ ஹேவ்", "ஐ நோ" என்பனவே தக்கவை.

மற்றொரு பிழைக்குத் தமிழின் செம்மையான வழக்கே காரணமாகிறது. பொது உண்மைகளை நாம் "உம்" ஈற்றால் உரைக்கிறோம்: சூரியன் கிழக்கில் உதிக்கும், பூமியில் ஆழம் செல்லச் செல்ல வெப்பம் கூடும். எதிர்கால வடிவமாகிய இதனை அப்படியே பெயர்ப்பவர் "வில் ரைஸ்", "வில் இன்க்ரீஸ்" என எழுதிவிடுகிறார். ஆங்கிலத்தில் "தி சன் ரைஸஸ்", "தி டெம்பரேச்சர் இன்க்ரீஸஸ் வித் டெப்த்" என்றே வர வேண்டும்.

அலுவலக அறிக்கைகளில் இக்காலம் கூடுதல் கவனத்திற்குரியது. சென்ற ஆண்டின் அறிக்கையை வைத்துக்கொண்டு எண்களை மட்டும் மாற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு. (இக்கட்டுரையாளரும் அதற்கு விலக்கல்லர்.) எண்கள் மாறும், வினைமுற்றுகள் பழையனவாகவே நின்றுவிடும். தங்கவயலைப் பற்றி எழுதுவோர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது. ஜான் டெய்லர் நிறுவனம் 1880-இல் பணி தொடங்கியது, சிவசமுத்திரத்திலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தது, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 1972-இல் அமைந்தது என்பவை ஐயமின்றி இறந்தகாலம். சுமார் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது என்பதும் அவ்வாறே. ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழமுடையது என்பதை எவ்வாறு எழுதுவது? குழி இன்றும் இருக்கிறது. ஆகவே "தி மைன் கோஸ் டவுன் மோர் தேன் த்ரீ கிலோமீட்டர்ஸ்" என்று எழுதலாம். அதனுள் தொழிலாளர் இறங்குவதில்லை. அவர்களைப் பற்றிய வாக்கியத்தில் "கோ டவுன்" என்பது "வென்ட் டவுன்" ஆக வேண்டும். சயனைடு மேடுகளோ நிகழ்காலத்திற்கே உரியவை. "தி டம்ப்ஸ் ஸ்டாண்ட் நியர் தி ஹவுசஸ்". காற்றடிக்கும் மாதங்களில் அவற்றின் தூசி வீடுகளுக்குள் வருவது இன்றும் தொடர்வதால், "தி டஸ்ட் என்டர்ஸ் தி ஹவுசஸ்" என்ற வாக்கியத்தின் எஸ்ஸை எவரும் நீக்க இயலாது.

அம்மாணவியின் வாக்கியம் பின்வருமாறு திருத்தி எழுதப்பட்டது: "மை ஃபாதர் ஒர்க்ட் இன் தி கோல்ட் மைன் அன்டில் இட் க்ளோஸ்ட் இன் 2001. ஹி டஸ் நாட் ஹேவ் எ ரெகுலர் இன்கம்." முதல் வாக்கியம் முடிந்ததைக் கூறுகிறது, இரண்டாவது அன்றைய நிலையைக் கூறுகிறது. ஊதியச் சான்று பற்றிய வினா அதன்பின் எழவில்லை.

பயிற்சிக்காகக் கீழ்வருவனவற்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கலாம்: என் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து வந்தார். நாங்கள் இன்னும் சுரங்கக் குடியிருப்பிலேயே வசிக்கிறோம். அம்மா இராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் காய்கறி விற்கிறார். சங்கு இப்போது ஊதுவதில்லை.