வளைந்த கொலுப்படியும் பருத்த முகமும்

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களுக்குப் புகைப்படம் எடுப்பதில் பெரிய எதிரி இடப்பற்றாக்குறைதான். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில் ஏழு படிக் கொலு வைத்து, அதன் முன்னால் மூன்று தலைமுறையையும் நிறுத்திவிட்டால், படம் எடுப்பவரின் முதுகு எதிர்ச் சுவரில் முட்டும். பின்னால் போக வழியில்லை. ஆகவே கேமராவின் ஜூமை முழுக்க அகலப்படுத்துகிறோம், கைபேசியானால் 0.5 என்று காட்டும் அகல லென்ஸைத் தொடுகிறோம். எல்லோரும் படத்துக்குள் வந்துவிடுகிறார்கள். பிறகு பார்த்தால் மேல்படி வில்லாக வளைந்திருக்கிறது, பீரோ சாய்ந்து நிற்கிறது, கடைசியில் நிற்கும் சித்தி இருப்பதைவிட ஒரு சுற்றுப் பருத்துத் தெரிகிறார்.

சங்க விழாக்களில் படம் எடுத்துவருபவன் என்பதால், இவற்றைக் கணிப்பொறியில் சரிசெய்ய முடியுமா என்று அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பதுண்டு. முடியும். ஆனால் 'லென்ஸ் கோளாறு' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது உண்மையில் மூன்று தனித்தனிக் குறைகள். காரணமும் வேறு, மருந்தும் வேறு. அது மட்டுமல்ல, ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றை அதிகப்படுத்தவும் கூடும். எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் குறை: கோடு வளைதல்

கொலுப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் நடுவில் வரும் படி நேராகவே இருக்கும். மேல்படி மேல்நோக்கியும் கீழ்ப்படி கீழ்நோக்கியும் பிதுங்கியிருக்கும். பீப்பாயின் பட்டைகள் இப்படித்தான் வளைந்திருக்கும் என்பதால் இதற்குப் பீப்பாய்த் திரிபு என்று பெயர். லென்ஸ், நடுப்பகுதியைக் காட்டும் அளவைவிட ஓரப்பகுதியைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டுவதே காரணம். இதற்கு நேர்மாறாகக் கோடுகள் உள்நோக்கிக் குழிவதும் உண்டு. தொலைவை அருகில் காட்டும் ஜூம் முனையில் அதைக் காணலாம்.

அகல லென்ஸ்களில் பீப்பாய்த் திரிபு ஏன் அதிகம்? எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே கண்ணாடி ஒன்று மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். அதற்காக முன்னால் குழிவில்லைகளையும் பின்னால் குவிவில்லைகளையும் வைத்து லென்ஸ் அமைத்தார்கள். முன்னும் பின்னும் சமச்சீர் இல்லாத இந்த அமைப்பில் திரிபு எளிதில் புகுந்துவிடும். கண்ணாடி இல்லாத இன்றைய கேமராக்களிலும் கைபேசிகளிலும், லென்ஸைச் சிறிதாக வைத்துக்கொள்ளத் திரிபை ஓரளவு விட்டுவிட்டு, மென்பொருளால் திருத்திக்கொள்கிறார்கள்.

இத்திருத்தத்தின் கணக்கு பழையது. 1919இல் கான்ரடி என்பவரும், 1966இல் டுவேன் பிரவுன் என்பவரும் எழுதிய ஆய்வுகள் இதற்கு அடிப்படை. பிரவுன் 1971இல் விவரித்த சோதனை நம் ஊர்க் கொத்தனார்களுக்கு உடனே புரியும். தூக்குக்குண்டு கட்டிய நூல்களை வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும். நூல் நேரானது என்பது உறுதி. எனவே படத்தில் அது எவ்வளவு வளைகிறதோ அவ்வளவும் லென்ஸின் குறை. நம் வீட்டில் கொலுப்படியின் விளிம்பே அந்தத் தூக்குநூல்.

திருத்தும் முறை இதோ:

1. மென்பொருளில் உங்கள் லென்ஸின் திருத்த விவரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைட்ரூமில் 'லென்ஸ் கரெக்ஷன்ஸ்' பகுதியில் 'எனேபிள் புரொஃபைல் கரெக்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் போதும். 2010இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இவ்வசதி உண்டு. இலவச மென்பொருள்களான டார்க்டேபிள், டிஜிகேம் ஆகியவை லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தொகுப்பைப் பயன்படுத்துகின்றன.

2. விவரம் இல்லாவிட்டால், அல்லது பழைய ஆல்பத்திலிருந்து ஸ்கேன் செய்த படமானால், கையால் திருத்தலாம். இலவசமான கிம்ப் மென்பொருளில் 'ஃபில்டர்ஸ்', 'டிஸ்டார்ட்ஸ்', 'லென்ஸ் டிஸ்டார்ஷன்' என்ற வரிசையில் செல்லுங்கள். 'மெயின்' என்ற அளவை எதிர்மறைப் பக்கம் சிறிது சிறிதாக நகர்த்தினால் பிதுங்கல் அடங்கும். ஓரத்தில் மட்டும் வளைவு மிஞ்சினால் 'எட்ஜ்' என்பதை நகர்த்துங்கள்.

3. கண் மட்டத்தை நம்ப வேண்டாம். கிம்ப்பில் மேலேயுள்ள அளவுகோலிலிருந்து மவுஸால் ஒரு நேர்க்கோட்டை இழுத்து வந்து படியின் விளிம்பில் வைத்து ஒப்பிடுங்கள்.

4. இத்திருத்தத்தைப் படத்தை வெட்டுவதற்கு முன்பே செய்யுங்கள். கணக்கு முழுவதும் லென்ஸின் மையத்திலிருந்து போடப்படுகிறது. ஒரு பக்கம் வெட்டிய படத்தில் மையம் இடம் மாறியிருக்கும். ஸ்கேன் செய்த படத்தில் இந்தச் சிக்கல் இருந்தால் 'எக்ஸ் ஷிஃப்ட்', 'ஒய் ஷிஃப்ட்' அளவுகளால் மையத்தை நகர்த்திக்கொள்ளலாம்.

கேமராவே திருத்திக் கொடுத்த படத்தை மறுபடியும் திருத்தக் கூடாது. செய்தால் கோடுகள் உள்பக்கம் குழியும்.

இரண்டாம் குறை: கோடு சாய்தல்

பீரோ சாய்வதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்தால் நிமிர்ந்த கோடுகள் மேலே நெருங்கும். குனிந்து பிடித்தால் கீழே நெருங்கும். அகல லென்ஸில் இது பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். கோடு வளையாமல் சாய மட்டும் செய்தால் அது இந்தக் குறை என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

லைட்ரூமில் 'டிரான்ஸ்ஃபார்ம்' பகுதியிலுள்ள 'வெர்டிகல்' அளவு இதைச் சரிசெய்யும். கிம்ப்பில் 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியில் 'கரெக்டிவ்' என்ற முறையைத் தேர்ந்து, சாய்ந்த கோட்டோடு கட்டத்தைப் பொருத்தினால் படம் நிமிரும்.

இதில் ஓர் எச்சரிக்கை. எந்தக் கோடு உண்மையில் நிமிர்ந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. நமக்குத்தான் தெரிய வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் குதுப்மினாரை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 73 மீட்டர் உயரமுள்ள அந்தக் கோபுரத்தின் விட்டம் அடியில் 14 மீட்டருக்குச் சற்று மேல். உச்சியில் 3 மீட்டருக்கும் குறைவு. கட்டியவர்களே ஒடுங்கக் கட்டியதை நாம் இழுத்து நிமிர்த்தினால் அது ஆலைப் புகைபோக்கி ஆகிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்கும் இதே விதி. அருகிலுள்ள சாதாரணக் கட்டடத்தின் சுவரையோ விளக்குக் கம்பத்தையோ துணைக்கொண்டு நிமிர்த்துவதே சரி.

மூன்றாம் குறை: முகம் பருத்தல்

பலரும் தடுமாறுவது இங்கேதான். முதல் குறையைத் திருத்தி, படிகள் ஊசிபோல் நேரான பிறகு பார்த்தால், ஓரத்தில் நிற்பவர் முன்பைவிடப் பருத்திருப்பார். மென்பொருள் கெடுத்துவிட்டது என்று தோன்றும். அது கெடுக்கவில்லை, நாம் கேட்டதைத்தான் செய்திருக்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள உலகத்தை ஒரு தட்டையான தாளில் விரிக்கும்போது எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. உருண்டையான பூமியை வரைபடத்தில் விரித்தால் கிரீன்லாந்து பூதாகாரமாகத் தெரிவதைப் பள்ளியில் பார்த்திருக்கிறோம். புகைப்படத்திலும் அப்படியே. நேர்க்கோடுகள் எல்லாம் நேராக இருக்க வேண்டுமென்றால், ஓரத்திலுள்ள உருண்டையான பொருள்கள் வெளிப்புறமாக நீண்டே தீரும். தலை உருண்டையானது; ஆகவே தலை நீள்கிறது. பிதுங்கலைத் திருத்தும்போது மென்பொருள் ஓரங்களை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பில் முகமும் சேர்ந்து விரிகிறது.

இது எவ்வளவு என்று கணக்கிடலாம். 36 மி.மீ. அகலமுள்ள பிலிம் சட்டத்தில் 24 மி.மீ. லென்ஸ் என்று கொள்வோம். மையத்திலிருந்து ஓரம் 18 மி.மீ. 18, 24 ஆகியவற்றைப் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 30. இந்த 30ஐ 24ஆல் வகுத்தால் 1.25. அதாவது நேர் வரிசையில் நிற்பவர்களின் உயரம் ஒன்றாகவே இருக்க, விளிம்பிலுள்ள முகம் மட்டும் கால் பங்கு கூடுதலாக அகன்றிருக்கும்.

படத்தின் விளிம்பிலுள்ள முகத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவர அகலத்தை எவ்வளவாகக் குறைக்க வேண்டும் என்பதை இதே கணக்கால் அறியலாம்:

50 மி.மீ. - 94 சதவீதம்
35 மி.மீ. - 89 சதவீதம்
28 மி.மீ. - 84 சதவீதம்
24 மி.மீ. - 80 சதவீதம்
20 மி.மீ. - 74 சதவீதம்

கைபேசியின் 0.5 லென்ஸ் பெரும்பாலும் 13 மி.மீ. அளவுக்குச் சமம்; அங்கே சுமார் 60 சதவீதம். மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே நிற்பவருக்கு இவ்வளவு வேண்டாம், 24 மி.மீ. லென்ஸில் அவருக்கு 94 சதவீதம் போதும்.

எதை விட்டுக்கொடுப்பது?

ஆக, கோடும் முகமும் ஒருசேரச் சரியாக இருக்க அகலப் படத்தில் வழியில்லை. எது முக்கியம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு மென்பொருளைத் திறக்க வேண்டும். கொலுவை மட்டும் எடுத்த படமா? கட்டடமா? கோட்டை முழுக்கத் திருத்துங்கள். குடும்பம் நிற்கும் படமா? முகத்துக்கே முதலிடம். லைட்ரூமில் லென்ஸ் திருத்தத்தின் 'டிஸ்டார்ஷன்' அளவு 100இல் நிற்கும். அதை 50 அளவுக்குக் குறைத்து விடுங்கள். படி கொஞ்சம் வளைந்திருந்தால் பொம்மைகள் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

2019இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முறையில், முகம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒருவகை விரிப்பும், பின்னணியில் கோடு வளையாத வேறுவகை விரிப்பும் கையாளப்பட்டு இரண்டும் இசைவாக இணைக்கப்படுகின்றன. முகத்தைத் தானாகத் திருத்தும் கைபேசிகளும் உண்டு. அப்படித் திருத்தி வந்த படத்துக்கு மேலே சொன்ன சதவீதங்கள் பொருந்தா.

இவ்வளவு நுணுக்கம் ஒரு குடும்பப் படத்துக்கு வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். நம் வீடுகளில் குழுப் படத்தின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள் என்று யோசியுங்கள். பரிமாறிவிட்டுக் கடைசியாக வந்து சேரும் அத்தை, 'நான் எதற்கு' என்று ஒதுங்கி, பிறகு கையைப் பிடித்து இழுத்து நிறுத்தப்படும் பாட்டி. இவர்களுக்குத் தனிப் படம் பெரும்பாலும் இருக்காது. பிற்காலத்தில் சட்டம் போட்டு மாட்டவேண்டிய நாள் வரும்போது, ஏதோ ஒரு கல்யாணத்துக் குழுப் படத்திலிருந்துதான் அந்த முகத்தை வெட்டி எடுக்கிறோம். அப்படி வெட்டித் தரச் சொல்லி என்னிடம் வந்த படங்களில் கணிசமானவை ஓரத்து முகங்கள்தாம். அதை அப்படியே பெரிதாக்கினால் அவர் முகமே அல்லாத ஒரு முகம் சுவரில் ஏறிவிடும். பாட்டியை நேரில் பார்த்திராத பேரக்குழந்தைகளுக்கு அதுவே பாட்டியாகிவிடும்.

அத்தகைய வேலைக்கு மேலே தந்த பட்டியல் உதவும். முதலில் முழுப் படத்துக்கும் பீப்பாய்த் திரிபைத் திருத்துங்கள். பிறகு முகத்தை வெட்டி எடுங்கள். கிம்ப்பில் 'ஸ்கேல் இமேஜ்' பகுதியில் அகலத்தையும் உயரத்தையும் பிணைத்திருக்கும் சங்கிலிச் சின்னத்தைத் திறந்துவிட்டு, அகலத்தை மட்டும் உரிய சதவீதத்துக்குக் குறையுங்கள். முகம் படத்தின் மூலையில் இருந்தால் நீட்சியும் மூலைவாட்டில் இருக்கும்; படத்தைச் சுழற்றி நீட்சியைக் கிடைமட்டமாக்கிக் குறைத்த பின் மீண்டும் நிமிர்த்த வேண்டும். என்ன லென்ஸ் என்று தெரியாத பழைய படமானால், நெற்றியிலுள்ள வட்டப் பொட்டோ சுவர்க் கடிகாரமோ முகத்தின் அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் கவனம்: சுவரோடு தட்டையாக இருக்கும் கடிகாரம் நீளாது, உருண்டையான பொருளே சரியான சாட்சி. குடும்பத்தில் அவரை நன்றாக அறிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

எடுக்கும்போதே செய்யக்கூடியவை

மூன்று மீட்டர் அகல வரிசையைப் படத்துக்குள் அடக்க 24 மி.மீ. லென்ஸுக்கு இரண்டு மீட்டர் தூரம் வேண்டும், 35 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய மூன்று மீட்டர். அந்த ஒரு மீட்டரைத் தேடுங்கள். அடுத்த அறையின் வாசற்படியிலிருந்தோ பால்கனியிலிருந்தோ எடுக்க முடியுமா என்று பாருங்கள். ஒரே வரிசையை இரண்டாக்கி, முன்வரிசையை உட்காரவைத்தால் அகலம் பாதியாகும். கேமராவை மார்பு உயரத்தில், சாய்க்காமல் பிடியுங்கள். திருத்தும்போது ஓரம் சிறிது வெட்டுப்படும் என்பதால் இருபுறமும் இடம் விடுங்கள். குத்துவிளக்கும் பூச்சாடியும் ஓரத்தில் இருக்கட்டும். அவை பருத்தால் பாதகமில்லை. வயதானவர்களை நடுவில் உட்காரவையுங்கள். அது மரியாதையும்கூட, லென்ஸின் கணக்கும் அதையே சொல்கிறது.