‘இஸ்கூல்’ ஏன் வருகிறது?

மூலக்கொத்தளத்தில் ஆங்கிலப் பாடம் வாசிக்கும் மாணவன் ‘இஸ்கூல்’ என்றால் வகுப்பே சிரிக்கும். சிரிப்பவர்களில் பாதிப் பேர், 1856-இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்தை ‘இஸ்டேசன்’ என்பவர்கள்தாம்!

இது சோம்பலால் வருவதன்று. தமிழில் மெய்யெழுத்து தனியாகச் சொல்லுக்கு முதலில் வராது. தொல்காப்பியம் கூறும் மரபு அது. முன்னோர் ‘ஸ்தலம்’ என்பதில் ஸகரத்தை விட்டுத் ‘தலம்’ என்றனர். நம் நாக்கோ முன்னால் ஓர் இகரத்தைச் சேர்க்கிறது. ஸ்பெயின் நாட்டு மாணவனுக்கும் இதே தொல்லை. அவன் மொழியில் பள்ளிக்கு ‘எஸ்குவேலா’ என்று பெயர். எனவே ஆங்கிலத்திலும் ‘எஸ்கூல்’ என்பான்.

மாணவர்களே, ஒரு சோதனை. தொண்டையில் இரு விரல்களை மெல்ல வைத்து ‘இஸ்கூல்’ என்று சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே அதிர்வு தெரியும். குரல் நாண்கள் அதிர்கின்றன. இனி ‘ஸ்ஸ்ஸ்’ என்று காற்றை மட்டும் சீறவிடுங்கள். அதிர்வு இராது. சீறல் ஓயுமிடத்தில் ‘கூல்’ சேருங்கள். அதிர்வு அங்கேதான் தொடங்க வேண்டும்.

இலக்கணமும் இதற்கு உதவுகிறது. நாம் ‘ஓர் ஊர்’, ‘ஒரு பள்ளி’ என்பதுபோல், ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன் ‘அன்’, மெய்யொலிக்கு முன் ‘எ’ வரும். எழுத்தைப் பார்க்கக் கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும். ஆகவே ‘எ ஸ்கூல்’. முதலில் இப்படியே சேர்த்துப் பழகுங்கள். நாக்கு தேடும் உயிர் அந்த ‘எ’யிலேயே கிடைத்துவிடும். சில நாள் சென்றபின் ‘எ’யை மனத்திற்குள் சொல்லி, ‘ஸ்கூல்’ என்பதை மட்டும் வெளியே விடுங்கள்.