பட்டியலில் இல்லாத கேமரா

அன்புள்ள கயல்,

நீ வாங்கப்போகும் டிரோனின் கேமராவை, டிரோன் படங்களை வரைபடமாக்கும் இலவச மென்பொருளான ஓப்பன்டிரோன்மேப் ஏற்குமா, இல்லை காசு கொடுத்து பிக்ஸ்4டி, மெட்டாஷேப் போல ஒன்றை வாங்கித்தான் ஆகவேண்டுமா என்று கேட்டிருந்தாய். சாதாரண ஜேபெக் படமென்றால் மூன்றுமே திறந்துவிடும். அதிலிருந்து சரியான அளவு கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

அளவுக்கு அடிப்படை சென்சாரின் அகலமும் குவியத் தூரமும். எடுத்துக்காட்டாக, ஃபேன்டம் 4 ப்ரோ டிரோனில் சென்சாரின் அகலம் 13.2 மி.மீ., குவியத் தூரம் 8.8 மி.மீ., படத்தின் அகலம் 5,472 பிக்சல். 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 2.7 செ.மீ. குவியத் தூரம் படத்தின் எக்சிஃப் குறிப்பிலேயே வரும். சென்சார் அகலத்தைப் பெரும்பாலும் மாடல் பெயரை வைத்துப் பட்டியலில்தான் தேடவேண்டும். ஓப்பன்டிரோன்மேப்பில் அந்தப் பட்டியல் யாரும் படிக்கக்கூடிய உரைக்கோப்பு. உன் மாடல் இல்லையென்றால் நீயே ஒரு வரி சேர்க்கலாம். பிக்ஸ்4டி போன்ற வணிக மென்பொருளில் பரவலாக விற்கும் கேமராக்களின் விவரத்தை நிறுவனமே சேர்த்துத் தந்துவிடும். உனக்கு நேரம் மிச்சம்; ஆனால் உள்ளே நடக்கும் கணக்கைப் பார்க்க வழியில்லை.

பட்டியலில் இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. ஒரே இடம் பல படங்களில் விழுவதை வைத்து, குவியத் தூரத்தையும் லென்ஸின் வளைவையும் மென்பொருளே திருத்திக்கொள்ளும். ஆனால் சமதரைக்கு மேலே இணைகோடுகளாகப் பறந்து, நேர்க்கீழாக மட்டும் படமெடுத்தால் அந்தத் திருத்தம் பிசகும். தட்டையான வயல் கவிழ்த்த தட்டுபோல நடுவில் மேடாகத் தெரியும். இது எந்த மென்பொருளிலும் நடக்கும். சாய்வாக எடுத்த சில படங்களும், தரையில் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளும் இதைப் பெரிதும் குறைக்கும்.

அடுத்தது ரோலிங் ஷட்டர். சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. அதற்கு 30 மில்லிசெகண்ட் ஆகி, டிரோன் நொடிக்கு 10 மீட்டர் பறந்தால், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையில் 30 செ.மீ. நகர்ந்திருக்கும். ஃபேன்டம் 4 ப்ரோவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அது இல்லாத டிரோன்களுக்கு, பிக்ஸ்4டியும் மெட்டாஷேப்பும் இந்த நகர்வைப் படங்களிலிருந்தே கணித்துத் திருத்தும். ஓப்பன்டிரோன்மேப் மாடல்வாரியாகப் பதிந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும்; பதிவில்லையென்றால் நீ அளந்து கொடுக்கலாம்.

ஆகவே, வாங்குமுன் அதே மாடலில் எடுத்த மாதிரிப் படங்களைக் கேட்டு வாங்கு. கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் அளவுகளையும் சேர்த்துக் கேள். அவற்றில் சிலவற்றைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வை. மென்பொருள் தரும் இடமும் தரையில் அளந்த இடமும் எவ்வளவு விலகுகின்றன என்று பார். உன் வேலைக்கு அந்த விலகல் பொறுக்குமென்றால் தயங்காமல் வாங்கு.

அன்புடன்,
உன் மாமா